பெயர் ஒன்று, கிருமி பல: லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் கிளைவகைகளும் மருந்துகளும்

ஊரின் பெயரால் நோயை அழைக்கும் வழக்கம் மருத்துவ வரலாற்றில் புதிதன்று. ஆனால் ஒரு தோல் புண்ணுக்கு இத்தனை நகரங்கள் பெயர் கொடுத்திருப்பது அரிது. மருத்துவ மேதை இப்னு சீனாவின் (கி.பி. 980–1037) காலத்தில் அது பல்க் நகரத்துப் புண்ணாக அறியப்பட்டிருந்தது. அவருடைய தந்தையார் அந்தப் பல்க் நகரத்தவரே என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஹலபில் அது ஹலப் கட்டி. பக்தாதில் பக்தாத் கட்டி. பாரசீகத்தில் 'சால்' என்றால் ஆண்டு. ஈரானியர் இப்புண்ணைச் 'சாலக்' என்றனர். அரபியரும் துருக்கியரும் வைத்த பெயர்களுள் ஒன்றும் 'ஓராண்டுக் கட்டி' என்னும் பொருளுடையதே. ஊரையும் காலத்தையும் சேர்த்துக் கவனித்த மக்கள் வைத்த பெயர்கள் இவை. அக்கவனிப்பில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதை ஆயிரம் ஆண்டுகள் கழித்தே ஆய்வுக்கூடங்கள் உணர்ந்தன.

ஐரோப்பியர் அலெப்போ என்றழைத்த ஹலபில் பதினெட்டாம் நூற்றாண்டில் மருத்துவராகப் பணியாற்றியவர் ஸ்காட்லாந்து நாட்டவரான அலெக்சாந்தர் ரஸ்ஸல். அந்நகரைப் பற்றி அவர் 1756இல் வெளியிட்ட நூலில் இப்புண்ணை வருணித்துள்ளார். ஒருமுறை இப்புண் வந்து ஆறியவருக்கு மறுமுறை வருவது அரிது என்பதை மேற்காசிய மக்கள் தாமே அறிந்திருந்தனர். எனவே குழந்தையின் முகத்தில் வடு விழுவதைத் தவிர்க்க, ஒருவர் புண்ணில் ஊறும் நீரை எடுத்துக் குழந்தையின் உடலில் ஆடை மறைக்கும் இடத்தில் குத்திவைத்தனர். அம்மை குத்துதலுக்கு இதனை உடன்பிறப்பு எனலாம்.

இம்முறையை நவீன மருத்துவமும் எடுத்தாண்டது. 1980களில் ஈரான்–ஈராக் போரின்போது ஈரானில் படைவீரர்கள், அகதிகள் உட்பட ஏறத்தாழ இருபது லட்சம் பேருக்கு உயிருள்ள கிருமியே குத்தப்பட்டது. பெரும்பாலோர் பயனடைந்தனர், சிலருக்கோ குத்திய புண் ஆறாமல் நீண்டது. வேறொரு சிக்கலும் எழுந்தது. ஆய்வுக்கூடக் குடுவையில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட கிருமி, நாளடைவில் புண் உண்டாக்கும் ஆற்றலை இழந்தது. அதே கிருமி, அதே பெயர், அதே குடுவை. ஆயினும் குணம் மாறிவிட்டது.

ஒரே பெயரால் வழங்கும் ஒட்டுண்ணிக்குள் இத்தகைய வேறுபாடுகள் எவ்வளவு ஆழமானவை, ஓர் ஊரில் உயிர் காக்கும் மருந்து மற்றோர் ஊரில் ஏன் தோற்கிறது என்பனவே இக்கட்டுரையின் பொருள். முஸ்லிம் உலகின் பெரும்பகுதியும் நம் இந்தியத் துணைக்கண்டமும் இந்நோயின் தாயகங்களாக இருப்பதால், இது நமக்கு அயலான செய்தியன்று.

இரு உருவம் கொண்ட உயிரி

லீஷ்மேனியா எனப்படும் இவ்வொட்டுண்ணி ஒற்றைச் செல் உயிரி. கொசுவைவிடச் சிறியதான மணல் ஈயின் பெண்ணினம் இதனைப் பரப்புகிறது. ஈயின் குடலில் இது நீண்ட உடலும், நீந்துவதற்குரிய கசையிழையும் கொண்டு திரிகிறது. மனிதத் தோலுக்குள் ஈ இதனைச் செலுத்தியதும், நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய நம் இரத்த அணுக்களே இதனை விழுங்குகின்றன. அழிய வேண்டிய இடத்தில் இது அழிவதில்லை. கசையிழையை ஒடுக்கிக்கொண்டு, உருண்டை வடிவில், அவ்விழுங்கணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. இந்த இரண்டு உருவங்களையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் மருந்துக் கதையின் முடிச்சு இங்கேதான் உள்ளது.

கிருமி கண்டறியப்பட்டதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் காய்ச்சல் கண்டு, இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் 1900இல் சில நுண்ணுருக்களைக் கண்டார். 1903 மே மாதம் அதனை வெளியிட்டார். கல்கத்தாவில் பிறந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனோவான், அவ்வாண்டிலேயே மதராஸ் நோயாளிகளிடம் அதே உருக்களைக் கண்டார். இறந்தவர் உடலில் மட்டுமன்றி, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தத்திலும் அவற்றைக் காட்டினார். இவை இறந்தபின் திசு சிதைவதால் தோன்றியவையாக இருக்கக்கூடும் என்ற ஐயம் அதனால் நீங்கிற்று. ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனோவானி' எனப் பெயரிட்டார்.

டோனோவான் கண்டது தோல் புண் அன்று. மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி, உடல் கருத்து, குருதி வற்றி, மருத்துவமின்றேல் ஏறத்தாழ அனைவரையும் கொல்லும் 'காலா அசார்'. காலா என்பது கருமை. ஆஸார் என்பது துன்பத்தையும் பிணியையும் குறிக்கும் பாரசீகச் சொல். உருது அறிந்த வாசகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பல்க் நகரத்துப் புண்ணும் வங்கத்தின் கருநோயும் உறவினங்களின் வேலை என்று முன்னோர் எவரும் நினைத்திருக்க முடியாது. உருண்டை வடிவில் இருக்கும்போது எல்லா லீஷ்மேனியாக்களும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். மனிதரைத் தாக்குபவை மட்டும் ஏறத்தாழ 20 சிற்றினங்கள். அவற்றைக் கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

பழைய ஊர்மக்கள் பிரித்தறிந்தனர் என்பதுதான் வியப்பு. சில புண்கள் ஈரமாய் வெடித்துச் சில மாதங்களில் ஆறும். சில உலர்ந்த கட்டியாய் ஓராண்டையும் கடந்து நிற்கும். முதலாவது, பாலைநிலத்துக் கொறிவிலங்குகளிடமிருந்து கிராமத்தாருக்கு வரும் லீஷ்மேனியா மேஜர். இரண்டாவது, நகரங்களில் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே ஈயின் வழியாகத் தாவும் லீஷ்மேனியா டிராபிகா. ஹலபும் காபூலும் இதன் கோட்டைகள். முன்னது பெரும்பாலும் தானே ஆறிவிடும். பின்னது மருந்துக்கும் எளிதில் பணிவதில்லை.

சிற்றினத்துக்குள்ளும் வேற்றுமை

சிற்றினம் வேறானால் நோயும் வேறு என்பதை ஏற்றுக்கொள்வது எளிது. ஒரே சிற்றினத்துக்குள் உள்ள வேற்றுமையே சிந்தைக்கு விருந்து. நெல் என்பது ஒன்றே. ஆயினும் சீரகச் சம்பாவும் பொன்னியும் வேறல்லவா? அதுபோல ஒரு சிற்றினத்துக்குள் பிரிந்து நிற்கும் ரகங்களையே இங்குக் கிளைவகை என்கிறோம். இவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர் முதலில் கையாண்டது நொதிகளை. ஒரே வேலையைச் செய்யும் நொதி, கிளைவகைக்குக் கிளைவகை சிறிது மாறிய வடிவில் இருக்கும். மின்புலத்தில் வைத்தால் வெவ்வேறு வேகத்தில் நகரும். பிரான்சு நாட்டின் மான்பெலியே நகரில் இம்முறை செப்பமாக வளர்க்கப்பட்டதால், அந்நகரப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு மான்–1, மான்–2 என எண்கள் தரப்பட்டன. நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டும் வழக்கம் வேறு வாசல் வழியாக மீண்டும் நுழைந்துவிட்டது.

இவ்வேற்றுமைக்கு நம் அண்டை நாடான இலங்கையைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது. லீஷ்மேனியா டோனோவானி என்றால் காலா அசார் என்பதே நூற்றாண்டுக் காலப் பாடம். இலங்கையில் 1990களிலிருந்து காணப்பட்டு வரும் நோயோ பெரும்பாலும் தோல் புண். 2018ஆம் ஆண்டில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே நோயாளிகளாகப் பதிவாயினர். அப்புண்களில் இருந்த ஒட்டுண்ணியை ஆராய்ந்தபோது அது மேஜரும் அன்று, டிராபிகாவும் அன்று. டோனோவானியின் மான்–37 என்னும் கிளைவகை. பீகாரில் மண்ணீரலைத் தாக்கிக் கொல்லும் கிருமியின் உடன்பிறப்பு, பாக் நீரிணைக்கு அப்பால் முகத்திலும் கையிலும் வலியற்ற கட்டியாக நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 8000 மரபணுக்கள் கொண்ட இவ்வுயிரியில், இரு வகைகளையும் பிரிப்பவை ஒப்புநோக்கில் மிகச் சில மாற்றங்களே. அவற்றுள், உள்ளுறுப்புகளில் வாழத் துணைபுரியும் 'ஏ2' என்னும் மரபணுக் குடும்பத்தின் படிகள் தோல் வகையில் குறைந்திருப்பது கவனத்துக்குரியது.

இதற்கு எதிர்த்திசையிலும் சான்றுண்டு. 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர் சிலருக்குக் காய்ச்சலும் உள்ளுறுப்புத் தாக்கமும் கண்டன. கிருமியை வளர்த்துப் பார்த்தபோது, தோலோடு நிற்பதாகக் கருதப்பட்ட டிராபிகாவே அங்கிருந்தது. காலா அசார் குணமானபின் தோலில் வெண்திட்டும் முடிச்சும் தோன்றும் பின்விளைவையும் இங்குக் கூற வேண்டும். சூடானில் குணமானோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சில மாதங்களுக்குள்ளேயே அது வருகிறது. இந்தியாவில் பத்தில் ஒருவருக்கோ அதனினும் குறைவானவருக்கோ, பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து வருகிறது. நோய் ஒன்று, சிற்றினம் ஒன்று, போக்கு வேறு.

அஞ்சனக்கல்லின் கதை

நம் வீடுகளில் சுர்மா என்றும், அரபியில் இஸ்மித் என்றும், தமிழ் மருத்துவத்தில் அஞ்சனக்கல் என்றும் வழங்கும் கனிமத்திலிருந்து பெறப்படும் உலோகமே ஆன்டிமனி. (இன்று கடைகளில் சுர்மா என்று விற்பதில் பெரும்பகுதி ஈயச் சேர்மம் என்பதையும், அதனைக் குழந்தைகள் கண்ணில் இடுவது தீங்கு என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.) பிரேசிலின் காஸ்பர் வியன்னா 1912 அளவில் ஆன்டிமனி உப்பொன்றைத் தோல் நோய்க்குப் பயன்படுத்தினார். 1915இல் இத்தாலியிலும் இந்தியாவிலும் அது உள்ளுறுப்பு நோய்க்கும் பயன்பட்டது; ஆனால் உடல் தாங்க இயலாத நஞ்சாக இருந்தது. கல்கத்தாவில் வசதிகள் ஏதுமற்ற ஒரு சிற்றறையில் உழைத்த உபேந்திரநாத் பிரம்மச்சாரி, யூரியா ஸ்டிபமைன் என்னும் சேர்மத்தை உருவாக்கி 1922இல் அதன் பயனை அறிவித்தார். அஸ்ஸாமிலும் வங்கத்திலும் பல லட்சம் உயிர்கள் அதனால் பிழைத்தன. பின்னர் வந்த சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் அவ்விடத்தைப் பிடித்தது.

1970களின் இறுதியில் வடக்குப் பீகாரில் இம்மருந்து தடுமாறத் தொடங்கியது. முதலில் அளவைக் கூட்டினார்கள். பின்னர் நாளைக் கூட்டினார்கள். ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்பது 20 ஆயிற்று. ஆறு, பத்து நாட்கள் என்பது இருபது, முப்பது நாட்களாயின. 1990களின் இறுதியில் செய்யப்பட்ட ஒப்பீட்டில், ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கால அளவு கொடுக்கப்பட்டும், நோய் கடுமையாகப் பரவியிருந்த பீகார்ப் பகுதியில் குணமானோர் 35 விழுக்காடு. அண்டை மாநிலமான உத்தரப் பிரதேசத்தில் 86 விழுக்காடு. ஒரு மாத காலம் நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு, நிலத்தையும் மாட்டையும் விற்றுச் செலவழித்து, மூவரில் இருவர் குணமின்றித் திரும்பினர் என்பதே முதல் எண்ணின் பொருள். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மண்சுவர்க் குடிசைகளில் வாழும் தாழ்த்தப்பட்ட ஏழைகள்.

நோயாளி மருந்தைச் சரியாக எடுக்கவில்லையா, மருந்து தரமற்றதா, கிருமியே மாறிவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. விடை காண ஆய்வுக்கூடம் போனவர்களுக்கு முதலில் ஏமாற்றமே கிட்டியது. குணமானவரின் கிருமியையும் குணமாகாதவரின் கிருமியையும் குடுவையில், கசையிழை கொண்ட உருவில் வளர்த்து மருந்திட்டால், இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. விழுங்கணுக்களுக்குள் உருண்டை வடிவில் குடியேற்றிச் சோதித்தபோதே உண்மை வெளிப்பட்டது. குணமாகாதவரின் கிருமியைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ மூன்று மடங்கு மருந்து தேவைப்பட்டது. 1999இல் வெளிவந்த இம்முடிவு, குற்றம் நோயாளியுடையது மட்டுமன்று என்பதைத் தெளிவாக்கிற்று.

குடுவைச் சோதனை ஏன் ஏமாற்றியது? ஊசியில் உள்ள ஆன்டிமனி, ஐந்து இணைதிறன் கொண்டது. அந்நிலையில் அது கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. விழுங்கணுவுக்குள்ளும், அங்குள்ள உருண்டைக் கிருமிக்குள்ளும் அது மூன்று இணைதிறன் நிலைக்கு மாறும்போதுதான் நஞ்சாகிறது. குடுவையில் திரியும் உருவில் இம்மாற்றம் போதிய அளவில் நிகழ்வதில்லை. அதனால் மருந்தே இல்லாத இடத்தில் மருந்தெதிர்ப்பைத் தேடியதாக அச்சோதனை முடிந்தது.

நஞ்சாக மாறிய ஆன்டிமனி, நீரும் கிளிசராலும் செல்லும் ஒரு புரத வாயிலின் வழியே கிருமிக்குள் நுழைகிறது. அவ்வாயிலைக் குறைத்துக்கொண்ட கிருமி தப்புகிறது. இது ஒரு வழி. உள்ளே வந்த உலோகத்தைக் கந்தகச் சேர்மத்தோடு பிணைத்து, உள்ளறைகளுக்குள் தள்ளி அடைத்துவிடும் ஏற்றப் புரதம் மற்றொன்று. அதன் மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கிக்கொண்ட கிருமிகளும் தப்புகின்றன. லீஷ்மேனியாவின் மரபியல் விந்தை ஒன்று இதற்கு உதவுகிறது. நம் செல்களில் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. தேவைக்கேற்ப ஒன்றைத் தூண்டலாம், ஒன்றை அடக்கலாம். லீஷ்மேனியாவுக்கு அவ்வசதி மிகக் குறைவு. ஒரு புரதம் மிகுதியாக வேண்டுமானால் அதன் மரபணுவையே படியெடுத்துப் பெருக்கும். சில வேளை குரோமோசோம் முழுவதையும் கூட்டிக்கொள்ளும். இதன் 36 குரோமோசோம்களில் எது இரண்டு, எது மூன்று, எது நான்கு என்பது கிளைவகைக்குக் கிளைவகை மாறுகிறது. ஒரே குடுவையிலுள்ள செல்லுக்குச் செல்லும் மாறுகிறது. மருந்து வரும்போது, அக்கூட்டத்தில் ஏற்கனவே பொருத்தமான கணக்கை வைத்திருப்பவை பிழைத்துப் பெருகுகின்றன.

'ஏற்கனவே' என்ற சொல்லை ஆராயாமல் எழுதவில்லை. இந்தியா, நேபாளம் முதலிய துணைக்கண்டப் பகுதிகளின் நோயாளிகளிடமிருந்து பெற்ற 204 டோனோவானிக் கிளைவகைகளின் முழு மரபுத் தொகுதியும் படிக்கப்பட்டு 2016இல் வெளியாயிற்று. நேபாள மலைப்பகுதியில் தனித்த ஒரு குழுவும், சமவெளியில் தம்முள் நெருங்கிய பெருங்குழுவும் இருப்பது தெரிந்தது. அச்சமவெளிக் குழு ஏறத்தாழ 1850ஐ ஒட்டித் தோன்றியிருக்க வேண்டும் என்பது கணிப்பு. வங்கத்தில் பெருங்காய்ச்சல்கள் பதிவான நூற்றாண்டும் அதுவே. உலோகத்தை உள்ளறையில் அடைக்கும் புரதத்தின் மரபணு இக்குழுவில் பெருகியிருப்பதும் அப்பழங்காலத்தது என்றே தோன்றுகிறது. அதாவது முதல் ஆன்டிமனி ஊசி போடப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, எதிர்ப்புக்கான பாதி ஆயத்தம் கிருமியிடம் இருந்தது. பிறகு இக்குழுவின் ஒரு கிளையில், வாயில் புரதத்தின் மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்துகள் கூடுதலாகச் செருகிக்கொள்ள, வாயில் அடைபட்டது, எதிர்ப்பு முழுமையாயிற்று.

மருந்தை அரைகுறையாகப் பயன்படுத்தியதும் பழியில் பங்குடையதே. முறையான அளவில் முழுக்காலமும் மருந்து பெற்றவர் கால்பங்கினரே எனப் பீகாரில் 1990களில் ஓர் ஆய்வு காட்டியது. பரிந்துரையின்றியே மருந்து விற்பனையானது. இந்தியாவில் இக்கிருமிக்கு மனிதனையன்றி வேறு புகலிடம் இல்லை. எனவே மருந்தில் தப்பிய கிருமி மருந்தை அறிந்த மற்றொரு மனிதனிடமே சென்று சேர்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் உள்ள உறவினமான லீஷ்மேனியா இன்ஃபான்டம் நாய்களில் வாழ்வது. மனிதனிடம் தேறிய எதிர்ப்புக்கு அங்கே இவ்வளவு வாய்ப்பில்லை. இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. 1970களுக்குப் பின் பீகாரில் தோண்டப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஆர்சனிக் கலந்துள்ளது. ஆர்சனிக் ஆன்டிமனியின் வேதியியல் நெருங்கிய உறவு. ஆர்சனிக் கலந்த நீரைப் பருகிய எலிகளில் வளர்ந்த லீஷ்மேனியா ஆன்டிமனியைத் தாங்கும் திறன் பெற்றதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. பீகார் மக்களிடையே நிகழ்ந்ததும் இதுவே என்று நிறுவப்படவில்லை. ஆயினும் நல்ல குடிநீருக்காகத் தோண்டிய கிணறு மருந்தைத் தோற்கடித்திருக்கக் கூடும் என்ற எண்ணமே நெஞ்சை உறுத்துகிறது.

பொருத்தம்

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு, மருந்து நோயோடு பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டத்தால் குணமாகிறது என்ற கருத்துடைய நபிமொழி, ஜாபிர் (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. முதல் பாதியையே நாம் பெரிதும் எடுத்துரைக்கிறோம். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் அறிஞர் இப்னுல் கய்யிம் (ரஹ்) இரண்டாம் பாதியில் நின்று ஆராய்ந்தார். மருந்து இருப்பது மட்டும் போதாது. தன்மையிலும் அளவிலும் அது நோயோடு இசைய வேண்டும். மிகுந்தால் வேறு நோயைத் தரும், குறைந்தால் நோயை எதிர்க்காது என்பது அவர் விளக்கத்தின் சாரம். கிருமிகளை அறியாத காலத்தில் எழுதப்பட்ட இவ்விளக்கத்தைக் கிருமியியலாகக் காட்ட முயல்வது நேர்மையாகாது. ஆனால் பொருத்தம் என்னும் நிபந்தனையை அவர் வலியுறுத்திய இடம், இன்றைய மருத்துவர்கள் இடறி விழுந்த இடமே.

அதற்கான சான்று ஆன்டிமனிக்குப் பின் வந்த மருந்துகளில் உள்ளது. கொழுப்புக் குமிழிகளில் பொதிந்த ஆம்போட்டெரிசின் பி என்னும் மருந்தை, கிலோவுக்கு 10 மில்லிகிராம் என ஒரே ஒரு முறை செலுத்தியபோது இந்தியாவில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் குணமடைந்தனர். 2010இல் இது வெளியானதும் பெரும் நம்பிக்கை பிறந்தது. அதே மருந்தை, அதே அளவில், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒருமுறை செலுத்திய சோதனையில் வெற்றி 60 விழுக்காட்டையும் எட்டவில்லை. பாரோமோமைசின் என்ற ஊசி மருந்து இந்தியாவில் 21 நாட்களில் 95 விழுக்காட்டினரை குணமாக்கியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 64 விழுக்காடு, அதிலும் சூடானில் மிகக் குறைவு. ஆனால் பீகார் கைவிட்ட பழைய ஆன்டிமனி சூடானில் இன்னும் வேலை செய்கிறது. பாரோமோமைசினோடு சேர்த்து 17 நாட்கள் கொடுப்பது அங்கே வழக்கமாயிற்று. இவ்வேற்றுமை முழுவதும் கிருமியின் கிளைவகையால் வந்ததா, நோயாளியின் உடற்கூறுக்கும் ஊட்டக்குறைவுக்கும் அதில் எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்தெடுப்பது எளிதன்று. எனினும் ஒரு நாட்டின் வெற்றியை மற்றொரு நாட்டுக்கு அப்படியே ஏற்றுமதி செய்ய இயலாது என்பது ஐயமற விளங்கிற்று.

வாய்வழி உட்கொள்ளும் முதல் மருந்தான மில்டெஃபோசின், புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்டது. 2002இல் இந்தியாவில் காலா அசாருக்கு ஏற்பளிக்கப்பட்டது. தொடக்கத்தில் 94 விழுக்காடு வெற்றி. பத்தாண்டுக்குள் நேபாளத்தில் மருந்துண்டவரில் ஐவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. இவ்விடத்தில் எளிய முடிவுக்கு வந்துவிடலாகாது. நோய் திரும்பியவரின் கிருமியைச் சோதித்தால் பெரும்பாலும் அது மருந்துக்குப் பணிவதாகவே இருந்தது. குழந்தைகளின் உடலில் மருந்து போதிய செறிவை எட்டாமையும் காரணமாகக் காணப்பட்டது. பிரேசிலிலோ காரணம் கிருமியில் இருந்தது. ஐரோப்பியர் குடியேறியபோது அக்கண்டத்துக்குச் சென்ற இன்ஃபான்டத்தின் பல கிளைவகைகளில், இம்மருந்துக்குப் பணியச் செய்யும் ஒரு மரபுத் துண்டு முழுவதுமே உதிர்ந்துபோயிருப்பதை 2018இல் கண்டறிந்தனர். அவை மில்டெஃபோசினைக் கண்டதற்கு நெடுங்காலம் முன்பே அத்துண்டை இழந்தவை. பழைய உலகின் கிருமிகளில் அத்துண்டு அப்படியே உள்ளது.

சரியான மருந்தும், ஈ ஒழிப்பும், கண்காணிப்பும் ஒருசேர அமைந்தால் என்ன நிகழும் என்பதற்குப் பங்களாதேஷ் சான்று. மைமன்சிங் மாவட்டத்தை வாட்டிய காலா அசாரைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக அதனை உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. மேற்காசியாவின் நிலை வேறு. 2011க்குப் பின் சிரியப் போரில் வீடிழந்தோர் லெபனான், துருக்கி, ஜோர்தான் எங்கும் சிதறினர். அவர்களோடு ஹலப் கட்டியும் சென்றது. 2013ஆம் ஆண்டில் மட்டும் லெபனானில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். மிகப் பெரும்பாலோர் சிரிய அகதிகள். அதுவரை எப்போதாவது ஓரிருவரைக் கண்டு வந்த மருத்துவர்கள், தம் நாட்டுக் கிருமி அல்லாத டிராபிகாவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த ஊர்?' என்பதாக மீண்டும் ஆயிற்று.

ஆய்வுக்கூட உறைகலங்களில் திரவ நைட்ரஜனில் உறங்கும் ஒவ்வொரு கிளைவகைக்கும் இன்று ஒரு முகவரிச் சீட்டு உண்டு. எம்ஹோம்/ஐஎன்/80/டிடி8 என்று ஒன்றிருக்கும். பாலூட்டியான மனிதனிடமிருந்து, இந்தியாவில், 1980ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். எம்ஹோம்/ஈடி/67/ஹெச்யூ3 எனில் 1967இல் எத்தியோப்பியாவில் எடுக்கப்பட்டது. அவரவர் ஊரும் ஆண்டும் பொறித்த இச்சீட்டுகளைப் பார்க்கும்போது பல்க்கும் ஹலபும் நினைவுக்கு வருகின்றன. அந்த எத்தியோப்பியக் கிருமி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுக்கூட வெள்ளெலிகளிலும் குடுவைகளிலும் வாழ்ந்து வருகிறது. பீகாரின் ஊசிகளையோ, கெதாரிஃபின் பாரோமோமைசினையோ, இலங்கையின் தோல் புண்ணையோ அது கண்டதில்லை. புதிதாக உருவாக்கப்படும் மருந்துகள் பல ஆய்வுக்கூடங்களில் முதன்முதலில் சந்திப்பது இன்றும் அதனையும் அதன் வயதொத்த சிலவற்றையுமே.